மின்மினி ஆறும் தென்னமரம் தோட்டமும்

கோலாலம்பூரிலிருந்து லத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தால், நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத்துக்குள் ஈஜோக் வந்துவிடும். அங்கே சாலை பிரிகிறது. மேற்கே போனால் கோல சிலாங்கூர்: மின்மினிப் பூச்சிகள், கடலுணவு, குரங்குகள் விளையாடும் மலை. வடக்கே போனால் பெஸ்தாரி ஜெயா. வார இறுதியில் வரும் கார்கள் பெரும்பாலும் மேற்கே திரும்பிவிடுகின்றன. வடக்கே திரும்புகிறவர்கள் அங்கே வீடு உள்ளவர்கள், யுனிசெல் பல்கலைக்கழகத்தில் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்.

பெஸ்தாரி ஜெயா என்ற பெயருக்கு வயது அதிகமில்லை. 2007-இல்தான் அப்படி மாற்றினார்கள். அதற்கு முன் அந்த ஊர் பத்தாங் பெர்ஜுந்தாய். மலாயில் 'பத்தாங்' என்றால் மரத்தண்டு, 'பெர்ஜுந்தாய்' என்றால் தொங்குவது. கேலிக்கு இடம் கொடுக்கும் பெயர் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் நம் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் பழைய பெயர்தான். அட்டவணையில் புதுப் பெயர் இருந்தாலும் பஸ்ஸைப் பார்த்து "பத்தாங் பெர்ஜுந்தாய் போகுமா?" என்றுதான் கேட்பார்கள்.

திருமண நாளுக்கு லங்காவி போவதாகத்தான் நானும் கணவரும் முதலில் பேசிக்கொண்டோம். இருவருக்கும் சேர்ந்தாற்போல் கிடைத்த விடுமுறை ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. விமான நிலையத்தில் பாதி நாளைத் தொலைப்பதைவிட பக்கத்திலேயே ஆற்றோரமாக இரண்டு இரவு தங்கலாம் என்று முடிவானது. இடம் கோல சிலாங்கூர் என்றதும் என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவு தூரம் போறீங்கன்னா பெர்ஜுந்தாய் பக்கம் நம்ம தோட்டத்துக் கோயில்ல ஒரு சூடம் கொளுத்திட்டு வாங்கம்மா. நான் போயி பதினஞ்சு வருசம் ஆச்சு."

இப்படித்தான் எங்கள் பயணத் திட்டத்தில் மேற்கும் வடக்கும் சேர்ந்தன.

மலைமேல் ஒரு மாலை

வெள்ளி மதியம் கோல சிலாங்கூர் போய்ச் சேர்ந்தோம். விடுதி ஆற்றோரத்தில், கால்கள் ஊன்றிய மரக் குடில்கள். முன்வாசலில் இரண்டு நாற்காலி, எதிரே பழுப்பு நிறத்தில் சிலாங்கூர் ஆறு, அக்கரையில் நிப்பா ஓலைகள். நீச்சல் குளமும் ஸ்பாவும் தேடுகிறவர்களுக்கு இந்த வட்டாரம் ஏமாற்றம் தரலாம். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆறு ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கத் தெரிந்தவர்களுக்கு இது போதும். கடல் பக்கத்தில் இருப்பதால் ஆறு நாளுக்கு இரண்டு முறை திசை மாறுகிறது. காலையில் கடலை நோக்கிப் போன அதே நிப்பா மட்டை மாலையில் திரும்பி வந்ததைப் பார்த்து என் கணவர் சிரித்தார்.

வெயில் தாழ்ந்ததும் புக்கிட் மலாவாத்தி. நடந்தே ஏறலாம், டிராமும் உண்டு. சிலாங்கூர் சுல்தான்களின் பழைய கோட்டை இந்த மலையில்தான் இருந்தது. 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங் பெயரால் அல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுவிட்டார். இப்போது பீரங்கிகளும், அரச கல்லறைகளும், 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் அலையாத்திக் காட்டுக்கு அப்பால் மலாக்கா நீரிணை.

குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வரலாற்றைவிடக் குரங்குகளே பிடிக்கும். சாம்பல் நிற லூத்தோங் குரங்குகள், கறுத்த முகம், தலையில் கூரான முடி. குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடுமாம். சாதுவானவை, தோளில்கூட ஏறி உட்காரும். பையைப் பிடித்து இழுப்பவை நீண்ட வால் குரங்குகள். இரண்டும் ஒரே இடத்தில் இருப்பதால் யார் யார் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இரவுச் சாப்பாடு ஆற்றின் அக்கரையில், பாசிர் பெனாம்பாங் மீனவக் கிராமத்தில். வந்து இறங்கிய மீனும் நண்டும் மேசையில். வயிறு நிறைந்தது என்பதோடு இதை முடித்துக்கொள்கிறேன். எட்டு மணிக்குப் படகு.

நொடிக்கு மூன்று முறை

மின்மினி பார்க்க இரண்டு இடங்கள் பிரபலம். புக்கிட் பெலிம்பிங்கில் மின்படகு. கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் மரச் சம்பான். நாங்கள் சம்பானைத் தேர்ந்தெடுத்தோம். நான்கு பேர் உட்காரலாம். பின்னால் நின்று துடுப்புப் போடும் பாக்சிக், ஏறும்போதே சொல்லிவிட்டார்: பிளாஷ் வேண்டாம், டார்ச் வேண்டாம், கொசு மருந்தைப் படகில் அடிக்க வேண்டாம்.

கரையின் விளக்கு மறைந்ததும் சில நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு மரம். அதன் இலை நுனிகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்து, மறுபடி ஒன்றாக எரிந்தன. ஏதோ ஒரு மின்சார இணைப்பில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டது போன்ற ஒழுங்கு. தீபாவளி சீரியல் விளக்கு என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சீரியல் விளக்குக்குச் சத்தம் இல்லாமல் இருக்காது. பக்கத்தில் யாராவது பாட்டுப் போட்டிருப்பார்கள். இங்கே துடுப்பு தண்ணீரில் இறங்கும் ஒலி மட்டும்.

இந்த மின்மினிக்கு அறிவியல் பெயர் டெரோப்டிக்ஸ் டெனர். ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறத்தாழ மூன்று முறை ஒரே தாளத்தில் மின்னிப் பெண் பூச்சிகளை அழைக்கின்றன. உடலில் உள்ள லூசிபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேரும்போது வரும் வெளிச்சம், சூடே இல்லாதது. பெரும்பாலும் இவை கூடுவது பெரெம்பாங் என்ற மரத்தில். அலையாத்திக் குடும்பத்தோடு வளர்கிற மரம், கடல் உப்பும் ஆற்று நன்னீரும் கலக்கும் இடத்தில் செழிக்கும். அதனால்தான் ஆறு முழுக்க மின்மினி கிடையாது. உப்பு அளவாக ஏறும் அந்தச் சில கிலோமீட்டர்தான் இவற்றின் ஊர்.

மரம் மட்டும் போதாது. மின்மினியின் புழுக்கள் வளர்வது கரையின் ஈர மண்ணில், அங்கே இருக்கும் சிறு நத்தைகளைத் தின்று. கரையை வெட்டிச் சுத்தம் செய்து செம்பனையோ இறால் குளமோ போட்டால், மரத்தை விட்டுவைத்தாலும் அடுத்த தலைமுறைப் பூச்சி வராது. பாக்சிக் ஓரிடத்தில் துடுப்பை நிறுத்தினார். "முன்பெல்லாம் இந்த வளைவும் எரியும்" என்றார் மலாயில். அந்த வளைவு இருட்டாக இருந்தது.

நம் வீட்டுக் குழாயில் வரும் ஆறு

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பக்கத்து மலைகளில் பிறந்து, கோல குபு பாரு, ரவாங் வட்டாரங்களின் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, பத்தாங் பெர்ஜுந்தாயைத் தொட்டு, கோல சிலாங்கூரில் கடலில் விழுகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தண்ணீர்த் தடை அறிவிப்பில் எஸ்எஸ்பி 1, எஸ்எஸ்பி 2, எஸ்எஸ்பி 3, ரந்தாவ் பாஞ்சாங் என்று வருமே, அந்தச் சுத்திகரிப்பு நிலையங்கள் இந்த ஆற்று நீரை நம்பியவை. 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்தபோது நான்கும் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. 10 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. கோவிட் காலத்தில் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் வாளியோடு லாரிக்கு நின்றதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

மேலே அணை கட்டி, நடுவில் நீரை எடுக்கிறோம். எவ்வளவு நன்னீர் மிஞ்சிக் கீழே வருகிறதோ, அதைப் பொறுத்துக் கடல் நீர் ஆற்றுக்குள் ஏறும். பெரெம்பாங் மரத்துக்கு அந்தக் கணக்கு முக்கியம். சம்பானில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் நாமும் வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த மரத்தோடு ஒரே பானையில் கை வைக்கிறோம்.

சைக்கிளில் இருந்து இறங்காமல்

சனிக்கிழமை காலை விடுதியில் நாசி லெமாக். வாடகைக்குச் சைக்கிள் இருந்தது. கம்பத்துச் சாலையில் கிளம்பினோம். ஒரு பக்கம் மலாய்க்காரர் வீடுகள், ரம்புத்தான் மரம், கோழிகள். இன்னொரு பக்கம் செம்பனை, வரிசை தப்பாமல். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு தோட்ட மேற்பார்வையாளர் கை தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த மாநிலத்தின் தோட்டங்களில் ஒரு காலத்தில் அது நடக்காது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படித்தால் கண் கலங்கும். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது, அவற்றோடு சேர்த்து, சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயத்தை எடுப்பது. தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டுகளில் ஜப்பானியர் வந்து, அதே தோட்டங்களிலிருந்து ஆட்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அத்தையின் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர். வீட்டில் அவருக்குப் படம்கூட இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

கணவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச தூரம் மெதுவாக மிதித்தார்.

செம்பனை பிறந்த வீடு

பெஸ்தாரி ஜெயா போகும் வழியில் கார் கண்ணாடி வழியே பார்த்தால் செம்பனை முடிவதே இல்லை. மலேசியாவில் இன்று 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இந்த மரம் நிற்கிறது. இந்தக் காட்சி தொடங்கிய இடம் இதே ஊர்தான் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆன்ரி போகொன்னியே என்று ஒரு பிரெஞ்சுக்காரர். 1905-இல் மலாயா வந்து, இந்த ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1911-இல் சுமத்ராவிலிருந்து செம்பனை விதை வாங்கி வந்து முதலில் அங்கே நட்டுப் பார்த்தார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வணிக முறையில் பயிரிட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. மேற்கு ஆப்பிரிக்க மரம், போகோர் தாவரத் தோட்டம் வழியாக ஆசியாவுக்கு வந்து, அழகுக்காக நடப்பட்டுக் கிடந்தது. அதைக் காசாக்கும் முயற்சி மலாயாவில் இங்கே தொடங்கியது. போகொன்னியே பின்னாளில் எழுதிய 'மலேசீ' என்ற நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது.

அந்த முதல் தோட்டத்தின் பெயர் தென்னமரம். ஆங்கிலத்திலும் மலாயிலும் பலகைகளில் அப்படியேதான் எழுதியிருக்கிறார்கள். மற்ற இனத்தவர்கள் 'தென்னாமாராம்' என்று நீட்டிச் சொல்கிறார்கள். உலகச் செம்பனை வரலாற்றில் எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இந்தத் தமிழ்ச் சொல்லைத் தாண்டாமல் மலேசியாவுக்குள் போக முடியாது. தொழிலைத் தொடங்கியவர் பெயர் பிரெஞ்சு, மரம் ஆப்பிரிக்காவுடையது, மண் மலாய் மண். பெயர் மட்டும், அதை வெட்டித் திருத்தியவர்களின் மொழியில் நின்றுவிட்டது. காட்டை அழித்தவர்கள், கால்வாய் தோண்டியவர்கள், கன்று நட்டவர்கள் யார் என்று அந்த ஒரு சொல் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

நம் ஆட்கள் இங்கு வந்த கதை தெரிந்ததுதான். முதலில் ஒப்பந்தக் கூலிகள், அந்த முறை ஒழிந்த பின் கங்காணிகள் ஊருக்குப் போய்த் திரட்டி வந்தவர்கள். 1938-இல் இந்திய அரசு அந்த ஆள் திரட்டலுக்குத் தடை போடும்வரை கப்பல்கள் வந்தன. விடியுமுன் பெரட்டு, பிறகு ரப்பர் காடு, மங்கில் பால், பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே லயம், அதே பெரட்டு.

அத்தை பிறந்து வளர்ந்த தோட்டம் தென்னமரம் அல்ல, அதற்கு அக்கம்பக்கத்தில் ஒன்று. கல்யாணத்துக்கு முன் அங்கே அவர் பார்த்த வேலையை இந்தப் பயணத்துக்கு முன்தான் எனக்கு முதன்முறையாக விவரித்தார். செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலை. ஆண் பூவின் தூளை டால்க் மாவோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் அடிக்க வேண்டும். முள் கையைக் கிழிக்கும். பூ விரிந்த நாளைத் தவறவிட்டால் குலை சரியாகக் கட்டாது. அதனால் ஞாயிறு, மழை என்று பார்க்க முடியாது. பெரும்பாலும் பெண்களுக்கே அந்த வேலை.

"காயைப் பார்த்தா எங்க கை பட்டதுன்னு தெரியும்" என்றார் அத்தை.

1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். ஆப்பிரிக்காவில் செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் வண்டு அது. சம்பளமும் லயமும் கேட்காமல் எல்லா மரத்துக்கும் போய் வந்தது. விளைச்சல் ஏறியது, மகரந்தம் தூவும் வேலை போனது. தொழில் வரலாற்றில் அது பெரிய வெற்றி. அத்தையின் கணக்கில், கூடவே வேலை பார்த்த பெண்கள் ஆளுக்கொரு திசையாகப் போன ஆண்டு. சிலர் மின்னியல் தொழிற்சாலைக்கு, சிலர் பட்டணத்து வீடுகளுக்கு. முதல் நாள் இரவு ஒரு பூச்சிக்காக டிக்கெட் வாங்கிப் படகேறிய எனக்கு, இன்னொரு பூச்சி எங்கள் குடும்பத்தையே இடம் மாற்றியிருக்கிறது என்பது வியப்பாக இருந்தது.

கோயில் மட்டும்

தோட்டம் தனியார் நிலம். உள்ளே போகக் காவலரிடம் பெயர், கார் எண் எழுதி, கோயிலுக்கு என்று சொன்னோம். அத்தை ஒரு தாளில் வழி வரைந்து கொடுத்திருந்தார்: ஆபீஸ், ஸ்டோர், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம், மேட்டு லயம், கோயில். அந்தப் படத்தில் இருந்தவற்றில் ஆபீஸைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. லயம் இருந்த இடத்தில் செம்பனை. பள்ளி ஊருக்குள் மாறிவிட்டது. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் ஏராளமானவை இப்படித்தான். இடம் மாறிய பிறகும் பெயரில் 'லாடாங்' என்று தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

வழி தேடி நின்றபோது, மரத்தடியில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் நிமிர்ந்தார். லொம்போக்கிலிருந்து வந்தவராம். கோயில் என்றதும் புரிந்துகொண்டு, தன் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி காட்டினார். ஊரில் மனைவி, ஒரு பெண் குழந்தை, வந்து மூன்று ஆண்டு ஆகிறது என்றார். குலை ஒன்று இருபது கிலோவுக்கும் மேலே இருக்கும், நீளக் கம்பின் முனையில் அரிவாள் கட்டி அண்ணாந்து அறுக்க வேண்டும், கழுத்து வலிதான் பெரிய தொல்லை என்றார். வெட்டிய பழம் ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் போய்விடும். அதனால் அவருக்கும் அவசரம். தாத்தா கப்பலில் வந்து செய்ததை இவர் விமானத்தில் வந்து செய்கிறார். பாதி தூரத்தில் என் கணவர் காரை நிறுத்தச் சொல்லி, எங்களிடம் இருந்த தண்ணீர் பாட்டிலையும் பழங்களையும் அவரிடம் கொடுத்தார்.

மாரியம்மன் கோயில் சிறியது. சிமெண்டுத் தரை, தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், சூலம். சுவரில் புதிதாக வர்ணம் பூசியிருந்தார்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபோது, பக்கத்து ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பூசாரி வந்தார். சனி, செவ்வாய்களில் வந்து விளக்கேற்றுவாராம். லயத்தில் யாரும் இல்லை. ஆனால் ஆண்டுத் திருவிழாவுக்கு ஷா ஆலாம், கிள்ளான், ரவாங், ஜொகூரிலிருந்துகூடப் பழைய குடும்பங்கள் வந்துவிடும், ஒரு நாள் முழுக்கத் தோட்டம் நிறைந்துவிடும் என்றார். நிலம் கோயில் பெயரில் இல்லை. மறுநடவுக்கோ வீடமைப்புக்கோ எப்போது என்ன முடிவு வரும் என்று சொல்ல முடியாது. பல தோட்டக் கோயில்களின் நிலை இதுதான்.

"யாரு வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டார். அத்தையின் அப்பா பெயரைக் கணவர் சொன்னார். பூசாரி யோசித்துவிட்டு, "மேட்டு லயம், கடைசி வீடு. வாசல்ல முருங்கை நிக்கும்" என்றார். கணவர் திரும்பி மேட்டைப் பார்த்தார். அங்கே செம்பனை நின்றது. முப்பத்தைந்து வயதுவரை தன் அம்மா வீட்டை அவர் பார்த்ததே இல்லை. இப்போதும் பார்க்கவில்லை. ஆனால் அது எந்த இடம் என்று தெரிந்துகொண்டார்.

சூடம் கொளுத்தினோம். அத்தையோடு வீடியோவில் பேச முயன்றோம், சிக்னல் கிடைக்கவில்லை. அதனால் தீபாராதனையைப் பதிவு செய்துகொண்டோம். பூசாரி திருநீற்றைத் தாளில் மடித்து, "அக்காவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்க தம்பி. அவங்களுக்கு இங்க ஆள் தெரியும்" என்றார்.

போகிறவர்களுக்கு

இரண்டு இரவு தாராளம். அமாவாசையை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். நிலா வெளிச்சத்தில் மின்மினி எடுபடாது, பெருமழை பெய்தாலும் படகு போகாது. இருட்டிய பிறகே புறப்பாடு என்பதால் சிறு பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சாப்பாடு கொடுத்துவிடுவது நல்லது. நீளக்கை சட்டை கொசுவுக்குப் போதும். கூடுதல் நாள் இருந்தால் வடக்கே செகிஞ்சான் வயல்வெளி, நெல் பச்சையாக இருக்கும் மாதங்களில் பார்க்க வேண்டிய இடம். தெற்கே சாசாரானில் அலை விலகும்போது வானம் தரையில் தெரியும் கடல் திட்டு உண்டு. அதற்குப் போகும் படகுகள் கடல் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே கிளம்பும்.

தென்னமரத்தையும் மற்றத் தோட்டங்களையும் பொதுச் சாலையிலிருந்தே பார்க்கலாம். உள்ளே போக வேண்டுமானால் அனுமதி கேளுங்கள், கோயிலுக்கு என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். குலை லாரிகளுக்கு வழி விடுங்கள். சனி அல்லது திருவிழா நாளாகப் பார்த்துப் போனால் பேச ஆள் கிடைக்கும்.

முக்கியமாக, கிளம்புமுன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். சிலாங்கூரின் இந்த வடபகுதியில் லயத்தில் பிறந்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வரைந்து தரும் படத்தில் இருக்கும் ஆயாக்கொட்டகையும் முருங்கை மரமும் எந்த வழிகாட்டிச் செயலியிலும் கிடையாது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வரைந்தவரையும் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள். எங்கள் வீட்டில் அடுத்த திருவிழாவுக்கு நாள் பார்த்தாயிற்று. அத்தை இப்போதே சேலை எடுத்து வைத்துவிட்டார்.